வாயில்லா ஜீவனும் ஒரு வால்வும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வெளிநாட்டில் என் பணி அனுபவம்னு தலைப்பு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். நான் 2010-ம் ஆண்டு இயந்திரவியல் முடித்தவன். அன்று முதல் இன்று வரை தொழிற்சாலைகளுக்கு வால்வு வடிவமைக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் கோயம்புத்தூரில், 2014-க்குப் பிறகு அமெரிக்காவில். வால்வைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆகவே தலைப்பில் ஒரு சிறு திருத்தம். "என் பணி அனுபவம்" அல்ல, "என் மனைவியின் பணி அனுபவம்".

அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேசுவதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பெருமையா மட்டும் பேசீட்டு வந்துராதீங்க. நடந்ததைச் சொல்லுங்க." அதன்படியே சொல்லப் பார்க்கிறேன்.

என் மனைவி பிலடெல்பியா நகருக்குப் பக்கத்தில் நாய், பூனைகளுக்கான ஒரு சிறப்பு மருத்துவமனையில் வெட்டரினரி டெக்னீஷியனாக வேலை பார்க்கிறார். மயக்க மருந்துப் பிரிவு. இதை இப்போது இந்த மேடையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆனால் 2022-ல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு திருப்பூரில் ஒரு உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். மண்டபத்தில் ஒரு பெரியவர், "சம்சாரம் அங்க என்ன பண்றாங்க தம்பி?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியிலங்க. மயக்க மருந்து டிபார்ட்மெண்ட்" என்றேன். "ஓ, டாக்டருங்களா!" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

அவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "நாய் பூனைன்னு சொல்றதுக்கு வாய் வரலீங்களா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இந்த வேலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர். 2015-ல் எங்களுக்குத் திருமணம் நடந்து, எச்-4 விசாவில் வந்தார். அந்த விசாவில் வந்தவர்கள் வேலை பார்க்க முடியாது. அதே ஆண்டு மே மாதம் 26-ம் தேதி முதல் ஒரு புதிய விதி வந்தது. கணவரின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி உண்டு. எனக்கோ அந்தக் கட்டம் வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. ஆனால் படிக்கத் தடையில்லை. இரண்டாண்டுப் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். அதுதான் வெட்டரினரி டெக்னாலஜி.

என் தாயார் ஊரிலிருந்து போனில் கேட்டார்: "ஏஞ்சாமி, அத்தன தூரம் போயி நாய்க்கு ஊசி போடறதுக்கா படிக்கறா?" நாங்கள் மாடு வைத்திருக்கும் குடும்பம். ஊரில் கால்நடை மருந்தகம் உண்டு, டாக்டர் உண்டு, கால்நடை ஆய்வாளர் உண்டு, உதவியாளர் உண்டு. அம்மாவுக்கு அது எல்லாம் தெரியும். ஆனால் நாய்க்கும் பூனைக்கும் சிறப்பு மருத்துவமனை, அதில் மயக்க மருந்துக்கென்று தனியாக ஆள் என்றால் அவருக்கு மட்டுமா, எனக்கே புரியவில்லை.

புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். அமெரிக்காவில் இந்தப் படிப்பு 1961-ல் நியூயார்க் மாநிலத்தின் டெல்ஹி என்ற ஊரில் தொடங்கியது. நம் டெல்லி இல்லை, அங்கே அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆரம்பத்தில் 'அனிமல் டெக்னீஷியன்' என்றுதான் பெயர். 1989-ல்தான் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் 'வெட்டரினரி டெக்னீஷியன்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1989-ல்தான்.

படிப்பை முடித்ததும் நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 170 கேள்விகள். அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண், மீதி 20 சோதனைக் கேள்விகள், ஆனால் எந்த 20 என்று சொல்ல மாட்டார்கள். நம் செமஸ்டர் தேர்வில் 'ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி' என்று போடுவார்களே, அந்தக் கருணையெல்லாம் அங்கே கிடையாது. தேறிய பிறகு மாநிலம் பதிவு கொடுக்கும். பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் சி.வி.டி., கலிபோர்னியாவில் ஆர்.வி.டி., நியூயார்க்கில் எல்.வி.டி.

டெக்னீஷியன் செய்யக் கூடாதவை நான்கு. நோய் இன்னதென்று சொல்லக் கூடாது. அது எப்படிப் போகும் என்று சொல்லக் கூடாது. மருந்து எழுதித் தரக் கூடாது. அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. இந்த நான்கும் டாக்டருக்கு உரியவை. பிறகு என்னதான் மிச்சம் என்று நானும் நினைத்தேன். ரத்தம் எடுப்பது, நரம்பில் ஊசி ஏற்றுவது, எக்ஸ்ரே, ஆய்வகச் சோதனை, டாக்டர் சொன்ன மருந்தின் அளவைக் கணக்கிட்டுக் கொடுப்பது, மூச்சுக்குழாயில் ட்யூப் வைப்பது, மயக்கத்தில் இருக்கும் உயிரைக் கண் எடுக்காமல் காவல் காப்பது, அது கண் விழிக்கும் வரை பக்கத்தில் இருப்பது என எல்லாமே மிச்சம்தான்.

இதிலும் சிறப்புப் பிரிவுகள் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவு டெக்னீஷியன்களுக்கான அமைப்பு 1996-ல் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. மயக்க மருந்துப் பிரிவு 1999-ல். அந்தச் சிறப்புப் பட்டம் பெற ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் வேண்டும், கவனித்த நோயாளிகளின் பதிவேடு வேண்டும், பிறகு தேர்வு. என் மனைவி அதற்குத்தான் இப்போது பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் சாப்பாட்டு மேசை அவருடையது.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023-ம் ஆண்டு அமெரிக்க அரசுக் கணக்குப்படி வெட்டரினரி டெக்னீஷியனின் நடுத்தர ஆண்டு வருமானம் ஏறத்தாழ 43,700 டாலர். மனிதர்களுக்கான நர்ஸுக்கு 86,000 டாலர். ஏறக்குறையப் பாதி. இதனால்தான் பலர் சில ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சம்பளம் மட்டும் காரணமில்லை. காலையில் ஒரு குழந்தை கட்டிப்பிடித்து விட்டுப் போன நாய்க்கு, மாலையில் டாக்டர் கடைசி ஊசி போடும்போது அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருப்பதும் இவர்கள்தான். அப்படிப்பட்ட நாட்களில் என் மனைவி வீட்டுக்கு வந்ததும் பேச மாட்டார். ரசம் மட்டும் வைத்துக் கொடுப்பேன். அது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

அங்கே வரும் நோயாளிகள் எல்லாம் ஊர் டாக்டர்கள் பார்த்துவிட்டு அனுப்பியவை. முதுகெலும்புத் தட்டு விலகிப் பின்கால் இழுத்துப்போன நாய், சிறுநீர் அடைத்துப்போன பூனை, இதய நோய், புற்றுநோய், இப்படி. ஒவ்வொன்றையும் மயக்கத்தில் வைக்கும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடல் சூடு எல்லாவற்றையும் எழுதுகிறார். சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் வெந்நிறக் காற்றுப் போர்வை போடுவார்களாம். பூனையைப் புரட்டிப் படுக்க வைப்பதாக இருந்தால், முதலில் ட்யூபை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டுத்தான் புரட்ட வேண்டும். இல்லையென்றால் ட்யூப் திருகி மூச்சுக்குழாய் கிழிந்துவிடலாம். "இயந்திரத்தைப் பாக்கறது கால்வாசி, ஜீவனைப் பாக்கறது முக்கால்வாசிங்க. நாக்கு நிறம், கண்ணு, தாடையோட இறுக்கம், இதெல்லாம் மானிட்டர்ல வராது" என்பார்.

இப்போது அந்த வால்வுக்கு வருகிறேன்.

மயக்க மருந்து இயந்திரத்தில் 'பாப்-ஆஃப்' என்று ஒரு வால்வு உண்டு. மிகுதியான காற்றை வெளியே விடும் வால்வு. சாதாரணமாக அது திறந்தே இருக்க வேண்டும். இரண்டு சமயங்களில் மட்டும் மூடுவார்கள். ஒன்று, காலையில் இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும்போது. இன்னொன்று, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நோயாளிக்கு ஒரு மூச்சு கொடுக்கும்போது. மூச்சு கொடுத்த உடனே திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால் உள்ளே வரும் ஆக்சிஜனுக்குப் போக வழியில்லை. பை பலூன் போல் உப்பும், அழுத்தம் நுரையீரலுக்குப் போகும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் வராது. நுரையீரல் கிழியலாம், இதயம் நின்று போகலாம்.

நம்ம ஆட்களுக்குக் கணக்கில் சொன்னால்தான் புரியும். நான் வடிவமைக்கும் வால்வுகள் 40 பார் அழுத்தம் தாங்கும். ஒரு சிறு பிராணிக்கு மூச்சு கொடுக்கும்போது 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அது ஒரு பாரில் ஐம்பதில் ஒரு பங்கு. என் வால்வின் அழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பூனைக்கு வைக்கும் பை அரை லிட்டர்தான். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன் போனால், காலியான பையே நிரம்பக் கால் நிமிடம் போதும்.

2023-ல் ஒரு நாள். நான்கு கிலோ பூனை, கால் எலும்பு முறிவு, அறுவை நடந்துகொண்டிருக்கிறது. என் மனைவி வால்வை மூடி, பையை அழுத்தி ஒரு மூச்சு கொடுத்தார். அதே நொடியில் பக்கத்து மேசை நாயின் மானிட்டர் அலறியது. தலை அந்தப் பக்கம் திரும்பியது. பூனையின் காலில் டாப்ளர் என்ற சிறு கருவி கட்டியிருந்தது. நாடித் துடிப்பை அது 'உஷ், உஷ்' என்று ஒலியாகக் கொடுக்கும். அந்த ஒலி மெலிந்துகொண்டே போனது காதில் பட்டுத் திரும்பினார். பை தெறிக்கிற மாதிரி விறைத்து நிற்கிறது. அழுத்தமானியில் முள் 40-ஐத் தாண்டிவிட்டது. வால்வைத் தேடவில்லை. ட்யூபையே இயந்திரத்திலிருந்து பிடுங்கிவிட்டார். பிறகுதான் வால்வைத் திறந்தார். மெல்ல மெல்ல அந்த 'உஷ், உஷ்' திரும்பி வந்தது. மொத்தமே இருபது விநாடி கூட இருக்காது.

பூனை பிழைத்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், பழுதில்லை. டாக்டர் அறுவையை முடித்துவிட்டு, வளர்ப்பவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். என் மனைவி சம்பவ அறிக்கையை அவரே எழுதிக் கொடுத்தார். முதல் வரி: 'வால்வை மூடியது நான். திறக்க மறந்தது நான்.'

வீட்டுக்கு வந்து சொன்னபோது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "விடு. வால்வுல தப்பில்ல, இயந்திரத்துல தப்பில்ல. இதுக்கு நாங்க ஆபரேட்டர் எர்ரர்னு சொல்லுவோம். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, நீங்க வால்வு செய்யறவங்கதானே? மூடிட்டு மறந்தா ஒரு உசுரு போயிரும்னு தெரிஞ்ச எடத்துல, மூடினா மூடினபடியே நிக்கற வால்வை எதுக்குச் செஞ்சு வெச்சீங்க? மனுஷி மறக்கத்தான் செய்வா. அது தெரியாமயா இஞ்சினியருக்குப் படிச்சீங்க?"

நண்பர்களே, இந்தக் கல்லூரியில் எட்டு செமஸ்டரில் என்னிடம் எத்தனையோ வைவா கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இன்னும் வேதனை. ஒரு பொத்தான் வால்வு. விரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் மூடியிருக்கும், விரலை எடுத்தால் தானாகத் திறந்துவிடும். அந்த மருத்துவமனையில் மற்ற மேசைகளில் அது இருந்தது. அந்தப் பழைய இயந்திரத்தில் மட்டும் இல்லை. இவருடைய அறிக்கைக்குப் பிறகு அதிலும் பொருத்தினார்கள். அழுத்தம் கூடினால் ஒலிக்கும் மணி ஒன்றும் வைத்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பூனை அல்ல. 2019-ல் நான் எழுதிய ஒரு அறிக்கை. ஒரு வாடிக்கையாளர் தொழிற்சாலையில், சோதனைக்காக மூடிய ஒரு காற்றுப்போக்கி வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். அழுத்தம் கூடி கேஸ்கட் பிய்த்துக்கொண்டு போனது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. ஆய்வு செய்யப் போன நான், 'காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வால்வு தப்பித்தது. அந்த ஆபரேட்டருக்கு இரண்டு வாரம் சம்பளமில்லாமல் கட்டாய விடுப்பு. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவருக்கும் பக்கத்தில் வேறொரு மணி அடித்திருக்கலாம் அல்லவா?

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பழைய கோப்பை எடுத்தேன். கைப்பிடியை விட்டால் ஸ்பிரிங் தானே இழுத்துத் திறந்துவிடும்படி ஒரு மாற்று வடிவம் வரைந்து மேலே அனுப்பினேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. அப்படிப்பட்ட கைப்பிடிகள் பல காலமாகச் சந்தையில் உண்டு. விலை கூடும் என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, இந்தப் பூனைக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். இப்போது ஒரு மாடலில் மட்டும் வந்திருக்கிறது. இரண்டு வாரச் சம்பளத்தை அந்த மனிதருக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த விபத்து ஆய்வுக்குப் போனாலும், வால்வைத் தொடுவதற்கு முன்னால், அதைத் தினமும் தொடுகிறவரைத் தேடிப் போய்ப் பெயர் கேட்டுப் பேசுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு சம்பவம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஊரில் அம்மாவின் கறவை மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. அம்மா நேராக மருமகளுக்குப் போன் போட்டார். "நீதான் படிச்சிருக்கியே கண்ணு, என்ன மருந்துன்னு சொல்லு." இவர் சொன்னார்: "அத்தை, என்ன நோவுன்னு நான் சொல்லக் கூடாதுங்க. மாடு நான் படிச்சதும் கொஞ்சம்தான். மொதல்ல 1962-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. டாக்டர் வர்ற வரைக்கும் நீங்க மூச்சு எண்ணுங்க, நிமிஷத்துக்கு எத்தனைன்னு. இடது பக்கம் உப்பியிருக்குதா, அசை போடுதா, கடைசியா எப்பச் சாணி போட்டுது, என்ன தின்னுது, எல்லாத்தையும் எழுதி வெச்சு டாக்டர்கிட்டப் படிச்சுக் காட்டுங்க."

அம்மா ஐந்தாம் வகுப்பு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வைத்திருக்கிறார். வந்த டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருங்கம்மா இப்படி எழுதச் சொன்னது?" என்று கேட்டாராம். "எம் மருமக. அமெரிக்காவுல நாய் பூனைக்கு மயக்க மருந்து பாக்கறா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். திருப்பூர் மண்டபத்தில் என் வாயில் வராத வார்த்தை, தொழுவத்தில் நின்றுகொண்டு என் அம்மாவுக்கு வந்துவிட்டது. மாடும் பிழைத்துக்கொண்டது.

அன்று இரவு என்னிடம் போனில் சொன்னார்: "ஊசி போடற வேலைன்னு நெனச்சுப்போட்டேன் சாமி. அது பாத்துக்கற வேலையாட்ட இருக்குது. வாயில்லா ஜீவன் சொல்லாது, நாமதான் பாக்கோணும்."

இங்கே மாணவர்களும் வந்திருக்கிறீர்கள். நாளைக்கு நீங்களும் வால்வு வரைவீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள், பாலம் கட்டுவீர்கள். உங்கள் வரைபடம் யாருடைய கைக்குப் போகிறதோ, அந்தக் கைக்கு ஒரு நாள் களைப்பாக இருக்கும். ஒரு நாள் பக்கத்தில் வேறு மணி அடிக்கும். அதை நினைத்து வரையுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளையோ மருமகளோ நாம் கேள்விப்படாத ஒரு வேலையில் இருந்தால், கல்யாண மண்டபத்தில் அதன் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

செயலாளர் அவர்கள் கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. எனக்கு வரைபடம் போடக் கற்றுத் தந்த ஆசிரியர்களுக்கும், அதில் விட்டுப்போனதைக் கற்றுத் தந்த மூன்றாவது வரிசைக்கும் என் மனமார்ந்த நன்றி.